கப்பல்காரன்ட பிள்ளை

திருகோணமலைப் பாலையூற்றில், எங்கள் ஒழுங்கையில் எனக்கு மூன்று பெயர்கள். வீட்டில் கூப்பிடுவது ஒன்று, பாடசாலை இடாப்பில் இருப்பது ஒன்று. இரண்டையும்விடப் பிரபலமானது மூன்றாவது: கப்பல்காரன்ட பிள்ளை. அதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நான் கடந்து போன பிறகுதான் சொல்வார்கள். எனக்குப் பார்வைதான் குறைவு. காது நன்றாகவே கேட்கும்.

நான் பிறக்கும்போதே தலைமயிர் வெள்ளை. தோல் வெளிறிய இளஞ்சிவப்பு. கண்கள் சாம்பல் கலந்த நீலம். ஒரு பொருளைப் பார்க்கச் சொன்னால் அதன்மேல் நில்லாமல் அங்குமிங்கும் ஆடும். அப்பா நல்ல கறுப்பு. அம்மாவும் கறுப்புத்தான், அப்பாவைவிடக் கொஞ்சம் குறைவு. அம்மா அப்போது ஓர்ஸ் ஹில் பக்கத்தில் கப்பல் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் லிகிதராக இருந்தார். துறைமுகத்துக்குக் கோதுமையும் சீமெந்தும் கொண்டுவரும் கப்பல்களின் அதிகாரிகள் அங்கேதான் கையெழுத்து வைக்க வருவார்கள். அவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. கதை கட்டுவதற்கு ஊருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் கதையைத் தொடங்கியது ஊர் இல்லை. அப்பாவின் அக்கா, என் மாமி. அம்மா அப்பாவுக்குச் சொந்தத் தாய்மாமனின் மகள். ஆகவே மாமிக்கும் அம்மா மச்சாள்தான். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து எழும்பியவர்கள். பிள்ளை பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த மாமி, என்னைச் சுற்றியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது எங்கட ஆக்கள்ட சாடை இல்லையே" என்றாராம். அந்த ஒரு வசனம் போதும். நான் தவழத் தொடங்குமுன் அது பாலையூற்று முழுக்க நடந்து முடித்துவிட்டது.

அம்மா வேலையை விடவில்லை. பிரசவ விடுமுறை முடிந்ததும் சேலையைக் கட்டிக்கொண்டு அதே அலுவலகத்துக்கு, அதே ஒழுங்கையால் நடந்து போனார். "நான் வேலையால நிண்டிருந்தால் அவை சொன்னது சரியெண்டு ஆகியிருக்கும்" என்று பிற்காலத்தில் ஒருநாள் சொன்னார். என் சின்ன வயதில் அந்தக் கதையைப் பற்றி அம்மா வீட்டில் வாய் திறந்ததில்லை.

அப்பாவும் வாய் திறந்ததில்லை. ஆனால் அது வேறு வகை. அப்பா ஐஸ் பெக்டரியில் இயந்திரம் பார்க்கிறவர். அதிகம் கதைக்கமாட்டார். மாமி வீட்டுக்கு வந்து, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "அவள்ட கண்ணைப் பாரன், கடல் மாதிரி" என்று சொல்லும்போது, அப்பா பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடிப்பார். அந்தப் பத்திரிகைக்குப் பின்னால் என்ன முகம் இருக்கும் என்றுதான் சின்ன வயது முழுக்க யோசித்தேன்.

திருகோணமலை வெயில் என்னைப் போன்ற தோலுக்கு ஏற்றதல்ல. நீளக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, குடை, ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த பூச்சு, இத்தனையோடுதான் வாசலைத் தாண்டுவேன். கோட்டை வாசலில் ஓட்டோக்காரர்கள் என்னைக் கண்டதும், "மேடம், டொல்பின்? பீச்?" என்று ஓடி வருவார்கள். "அண்ணே, பாலையூற்றுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் அப்படியே நின்றுவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் முன் வாங்கில் இருந்தும் கரும்பலகை எனக்கு வெறும் பச்சை மூட்டம். உயர்தரத்துக்கு உயிரியல் எடுக்கப்போகிறேன் என்றபோது, "படம் கீறுற பாடம் பிள்ளை. உமக்கு ஏலாது" என்றார் பகுதித் தலைவர். ஏலுமா ஏலாதா என்பதை நான் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எடுத்தேன்.

பின்னேரங்களில் நகரத்தில் ஒரு வகுப்புக்குப் போவேன். படிப்பித்தவர் கிண்ணியாவிலிருந்து வரும் இளம் ஆசிரியை. அவர் பலகையில் கீறுவதை நான் கைத்தொலைபேசியால் படமெடுத்து, பெருப்பித்து, மூக்கில் முட்டுமளவுக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பேன். அப்படித்தான் டி.என்.ஏ.யை முதன்முதல் பார்த்தேன்: முறுக்கிய ஏணி ஒன்று. அதன் படிகள் ஒவ்வொன்றும் ஒரு சோடி எழுத்து. உடம்பிலுள்ள ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் அந்த ஏணி நடுவால் பிளக்கும். ஒவ்வொரு பாதிக்கும் எதிரே அதற்குப் பொருந்தும் எழுத்துகள் வந்து சேர, ஓர் ஏணி இரண்டு ஏணிகளாகும். பிரதி எடுக்கிற நொதியம் எழுதிக்கொண்டு போகும்போதே திரும்பிப் பார்த்துத் தன் பிழையைத் திருத்தும் என்றார் ஆசிரியை.

நான் கை உயர்த்தினேன். "மிஸ், பாத்து எழுதுற மூலப் பிரதியிலயே ஒரு எழுத்து மாறியிருந்தா?"

"அது அதுக்குப் பிழையெண்டு தெரியாது. மாறின எழுத்தையும் அப்பிடியே எழுதும். கலம் பிரியிற ஒவ்வொரு தரமும்."

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது மனத்துக்குள் ஏதோ நிமிர்ந்தது. என் உடம்பைப் பற்றி எல்லாரும் ஏதோ பழுதாகிப்போன சாமான் மாதிரித்தான் கதைத்திருக்கிறார்கள். கிரகணத்தில் பட்டது என்றார்கள், சாபம் என்றார்கள். இந்த உடம்பின் கலங்களோ தமக்குக் கிடைத்ததை ஓர் எழுத்தும் விடாமல், மற்ற எல்லா உடம்புகளையும் போலவே உண்மையாகப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கின்றன. நான் பிழைபிழையாகச் செய்யப்பட்டவள் இல்லை. சரியாகவே எழுதப்பட்டவள்.

சில கிழமைகள் கழித்துப் பரம்பரை பற்றிய பாடம் வந்தது. கடந்தகால வினாத்தாளில் ஒரு கணக்கு: அல்பினிசம் உள்ள பிள்ளை ஒன்றின் பெற்றோரின் பரம்பரையலகுகள் யாவை? ஆசிரியை வினாவை வாசிக்கத் தொடங்கி, அந்தச் சொல்லில் தடக்குப்பட்டு நிறுத்தினார். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்களா பார்க்காமல் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை; இரண்டும் ஒன்றுதான்.

"இத வீட்ட செஞ்சிட்டு வாங்க. அடுத்ததுக்குப் போவம்."

"இல்லை மிஸ், இப்பவே செய்வம்" என்று எழும்பினேன். "நான் செய்யிறன்."

பலகைக்கு அருகே போய், முகத்தை அதில் ஒட்டுமளவுக்கு வைத்துக்கொண்டு எழுதினேன். தோலுக்கும் மயிருக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் பொருளைச் செய்ய ஒரு நொதியம் வேண்டும். அந்த நொதியம் ஒரு புரதம். அதைச் செய்வதற்கான பரம்பரையலகு, அதாவது ஜீன், ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி மாறியிருந்தாலும் மற்றது வேலை செய்யும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டும் மாறியிருந்தால்தான் நிறம் இல்லை. தாயின் கீழ் ஒரு மாறிய எழுத்தைப் போட்டேன். தகப்பனின் கீழும் போட்டேன்.

போட்ட கை அப்படியே நின்றது. தகப்பனின் கீழே அது இல்லாவிட்டால் கணக்கு வராது. மாமி என் நிறத்தைக் காட்டித்தான் அப்பா என் அப்பா இல்லை என்றார். அப்பாவும் தராமல் இந்த நிறம் எனக்கு வந்திருக்க முடியாது. அம்மாவும் அப்பாவும் மச்சான் மச்சாள். இருவருக்கும் பொதுவான பாட்டனிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரே எழுத்து, இரண்டு வழியாக இறங்கி வந்து என்னில் சந்தித்திருக்கிறது. வெள்ளைக்காரனின் வெள்ளை இதுவே இல்லை. அவனுக்கும் அம்மாவுக்கும் பிறந்திருந்தால் நான் மாநிறமாக, கறுத்த தலைமயிரோடு, ஆடாத கண்ணோடு இருந்திருப்பேன்.

அன்று நான் நடக்கவில்லை, ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். குசினியில் அம்மா சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அம்மா அழுவார், என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்திருந்தேன். அம்மா கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறாய்?"

"அம்மா, விளங்கேல்லையா? அப்பாதான் என்ட அப்பா எண்டு..."

"உன்ட அப்பா ஆரெண்டு எனக்குத் தெரியாதா?" அம்மாவின் குரல் உயரவில்லை. "உன்ட புத்தகம் வந்துதான் நான் நல்லவள் எண்டு எனக்குச் சொல்லவேணுமா? தெரியாத ஆக்கள் ஆரும் இருந்தா அவைக்குப் போய்ச் சொல்லு."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அம்மாவின் முகம் முன்னறைப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே கதிரையில் அப்பா இருந்தார். பத்திரிகை மடியில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் எழும்பி வெளியே போய்விட்டார்.

இரண்டொரு நாள் கழித்து அப்பா மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு, "வா பிள்ளை, ஒருக்கா அங்கால போயிட்டு வருவம்" என்றார். பொழுது படும் நேரம்; என் கண்ணுக்கு நிம்மதியான நேரம் அதுதான். உட்துறைமுகக் கரையில் ஒரு வாங்கில் இருந்தோம். நங்கூரமிட்டிருந்த கப்பலொன்றில் விளக்குகள் எரியத் தொடங்கின. எனக்கு அவை கலங்கிய புள்ளிகள்.

"அண்டைக்கு அம்மாவுக்குச் சொன்னியே, அதை எனக்கு விளங்கச் சொல்லு" என்றார் அப்பா. "ஆறுதலாச் சொல்லு. நான் பத்தாம் வகுப்போட நிண்டவன்."

நான் ஆறுதலாகச் சொன்னேன். பரம்பரையலகு என்பது டி.என்.ஏ.யில் ஒரு துண்டு, நீளமாக எழுதிய ஒரு வசனம் போல. அது கலத்தின் கருவை விட்டு வெளியே வராது. அதைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்றொரு படி எடுக்கப்படும். அந்தப் படிதான் வெளியே வரும். வெளியே இறைபோசோம் என்று ஒன்று இருக்கிறது. அது படியை மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோவமிலம். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு போனால் ஒரு புரதம்.

"ஒரு எழுத்து மாறினா என்ன வரப்போகுது?"

"மீன் எண்டு எழுதுற இடத்தில ஒரு குறி மாறி மான் எண்டு எழுதினா?"

அப்பா சிரித்தார். "இந்த ஊரில மீனும் றோட்டில விக்குது, மானும் றோட்டில திரியுது."

"கறிக்கு மீன் கேட்ட ஆளுக்கு மான் வந்தா சரிவராதுதானே. அப்பிடித்தான். எழுத்து மாற, கோக்கிற அமினோவமிலமும் மாறும். சில நேரம் பாதியிலயே நிண்டுபோகும். புரதம் சரியா மடியாது, வேலை செய்யாது. என்னில நிறம் செய்யிற நொதியம் அப்பிடித்தான்."

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் குடுத்தாத்தான் வருமெண்டு சொன்னாய்."

"ஓம்."

"நான் குடுக்காட்டி?"

"உங்கள மாதிரிக் கறுப்பா இருந்திருப்பன்."

பொய் சொல்லக்கூடாது என்பதற்காக மிச்சத்தையும் சொன்னேன். இது நீதிமன்றச் சாட்சி இல்லை. அதே போன்ற மாறிய பிரதி உலகத்தில் வேறு எவனிடமும் இருக்கலாம், ஒரு கப்பல்காரனிடமும் இருக்கலாம். ஆனால் சொந்தத்துக்குள் கலியாணம் முடித்த இருவருக்கு என்னைப் போல ஒரு பிள்ளை பிறந்தால், எந்த வைத்தியரும் காரணத்தைத் தேடிக் கப்பலுக்குப் போகமாட்டார். சொல்லிவிட்டு, இவ்வளவு காலமும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அப்பா, நீங்களும் நம்பினீங்களா, மாமி சொன்னதை?"

"நம்பினனான் எண்டும் இல்லை. நம்பேல்லை எண்டும் இல்லை" என்றார் கடைசியில். "கொம்மாட்டக் கேட்டிருக்கலாம். கேட்டா அவள் என்ன முகத்தோட பாப்பாள் எண்டு பயம். கேக்காமல் இருந்ததில அதைவிடக் கூட நோகப் பண்ணிப்போட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. என்னைக் கட்டிலில் இருந்து தூக்கிய கைகள், எனக்குத் தொப்பி வாங்கக் கடைகடையாக ஏறி இறங்கிய கால்கள், எல்லாம் இந்த மனிதனுடையவைதான். அந்தக் கைகால்களுக்கு இருந்த நிச்சயம் வாய்க்கு மட்டும் ஏன் இல்லாமல் போனது? "இதை எனக்குச் சொல்லி வேலையில்லை" என்றேன். "சொல்லவேண்டிய ஆள் வீட்டில இருக்கிறா." அப்பா தலையாட்டினார். ஆனால் அன்றும் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது ஆவணியில், மாமியின் மகளின் கலியாணத்தில். மாப்பிள்ளை பகுதி மட்டக்களப்பு. மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு, தலைமயிரைப் பின்னிப் பூ வைத்துக்கொண்டு போயிருந்தேன். மேடையில் ஏறும்போது மாமி என் முழங்கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீ கொஞ்சம் இரன். லைட் கண்ணுக்குக் கூசும்தானே."

"கூசினாப் பரவாயில்லை மாமி."

"அவை புது ஆக்கள். பாத்தா ஆர் எவர் எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும். நான் அண்ணன்ட மகள் இல்லாட்டித் தம்பியிட மகள் எண்டு ஏதாவது சொல்லத்தானே வேணும். உங்களுக்குத் தம்பிதான் இருக்கிறார். தம்பியிட மகள் எண்டு சொல்லுங்கோ."

நான் மேடையில் ஏறி, மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளையின் தாயார் உண்மையாகவே கேட்டார், அன்பாகத்தான். மாமியின் முகம் போன போக்கு எனக்குத் தெரியவில்லை. குரல் தெரிந்தது. முதலில் என்னவோ மழுப்பினார். பிறகு என்னிடம் திரும்பி, தணிந்த குரலில், ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

"இப்ப இதுக்கெல்லாம் டெஸ்ட் இருக்குத்தானே. நீயும் அதுதானே படிக்கிறாய். ஒருக்கா எடுத்துக் காட்டினா எல்லாருக்கும் நிம்மதி."

"எடுக்கமாட்டன்" என்றேன். "எனக்கு அந்த டெஸ்ட் எப்பிடிச் செய்யிறதெண்டும் தெரியும். எடுக்கமாட்டன். அம்மா சொன்ன சொல்லுக்கு மேல ஒரு கடதாசி இந்த வீட்டில தேவையில்லை."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. பெக்டரியில் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல். வீட்டில் நான் அதைக் கேட்டதே இல்லை.

"அக்கா, ஆருக்கு நிம்மதி? இது என்ட பிள்ளை. இந்த நிறத்தில பாதி நான் குடுத்தது. எங்கட வீட்டில இருந்து வந்தது. உன்ட உடம்பிலயும் இருக்கலாம், உனக்குத் தெரியாது. இனி ஆரும் என்ட மனிசியைப் பற்றி ஒரு கதை கதைச்சா, முதல் என்னோட வந்து கதைக்கோணும்."

மேளகாரர்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டதாக அம்மாவின் அலுவலகத் தோழி பிறகு சொன்னார். எனக்கு அது நினைவில்லை. மாப்பிள்ளையின் தாயார் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது நினைவிருக்கிறது. அந்தப் படத்தில் எல்லாரும் விறைத்துப்போய் நிற்கிறார்கள். வெளிச்சத்தில் நான் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறேன். ஆனாலும் நிற்கிறேன்.

வீட்டுக்கு ஓட்டோவில் வரும்போது அம்மா, வெளியே பார்த்தபடியே, "இந்த வாயை இவ்வளவு காலமும் எங்க வைச்சிருந்தீங்கள்?" என்றார்.

அப்பா ஓட்டோக்காரரிடம் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பச் சொன்னார்.

"பிள்ளை படிச்சபடியால் உங்களுக்கு விளங்கினது. அவள் வேற பாடம் எடுத்திருந்தா?"

அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். அம்மா அதை மறந்தது மாதிரி நடித்ததும் இல்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து அப்பா பின்னேரங்களில் அம்மாவின் அலுவலக வாசலில் மோட்டார்சைக்கிளோடு நின்று, அவரை ஏற்றிக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் மெதுவாக, மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். அம்மா ஓய்வு பெறும்வரைக்கும் அப்படித்தான்.

நான் இப்போது நகரத்தில் ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். பரம்பரைப் பாடம் வரும்போது, "வேணுமெண்டா அந்தப் பாடத்தை வேற ஆளிட்டக் குடுப்பம்" என்று பெரிய மனதோடு சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். ஏன் என்று கேட்டேன். நானேதான் அதைப் படிப்பிக்கிறேன். அந்த வினா வந்ததும் யாரும் குனிந்து கொள்ளத் தேவையில்லை, நிமிர்ந்து பாருங்கோ என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

போன வருடம் மாமி வீட்டுக்கு வந்தார். கலியாணத்துக்குப் பிறகு எங்கள் வாசலை மிதித்தது அதுதான் முதல் தரம். அவருடைய மகள் கனகாலத்துக்குப் பிறகு பிள்ளைத்தாய்ச்சி. மாமிக்கு முழங்கால் வலி. மெல்ல இருந்து, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, என்னைத்தான் கேட்டார்.

"தம்பி அண்டைக்குச் சொன்னான், எங்கட உடம்பிலயும் இருக்குமெண்டு. அப்ப, அவளுக்குப் பிறக்கிறதுக்கும் வருமா?"

அவரைக் கொஞ்சம் பயத்தில் விட்டுவைக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை இங்கே மறைக்கவில்லை. ஆனால் நான் படித்த பாடத்தை அதற்குப் பாவிக்க எனக்கு விருப்பமில்லை. "உங்கட மகளிட்ட அந்தப் பிரதி இருந்தாலும், மருமகன் பிறத்தி, எங்கட சொந்தம் இல்லை. அவரிட்டயும் இருந்தாத்தான் வரும். பெரும்பாலும் வராது" என்றேன்.

மாமி விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. "வந்தா என்ன பிள்ளை செய்யிறது?"

"தொப்பி வாங்கிக் குடுங்கோ. நல்ல கண்ணாடி போடுங்கோ. வெயிலுக்குப் பூசுங்கோ. படிக்க விடுங்கோ. ஆரின்ட பிள்ளையெண்டு மட்டும் கேக்காதேங்கோ."

குசினி வாசலில் அம்மா தேத்தண்ணியோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. வந்து, மாமிக்கு முன்னால் இருந்த முக்காலியில் கோப்பையை வைத்தார்.

"சீனி போடேல்லை மச்சாள்" என்றார் அம்மா. "எவ்வளவு போடுறதெண்டு மறந்துபோச்சு. நீயே போட்டுக் குடி."